நூற்று எழுபத்திரண்டு யூனிட்

"யக்கா, ரீடிங் எடுக்க ஆள் வந்தாச்சு. எங்க வரிசை முடிஞ்சிட்டு. அந்தக் கடைசியில திரும்பி உங்க வரிசைக்குத்தான் வாராக" என்று எதிர்வீட்டு ஜெபராணி வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். சொன்னவள் அதோடு போயிருக்கலாம், போகவில்லை. "இந்தக் காலத்துல ஒண்ணையும் மறைக்க முடியாது போலுக்கு. அந்தப் பொண்ணு எங்க மீட்டரைப் பாத்துட்டு இன்னும் தெருவைத் தாண்டல, மெட்ராஸ்ல எம்மவன் செல்லுக்கு மெசேஜ் போயிட்டு. என்னம்மா இந்தத் தடவ நூறு யூனிட் கூடியிருக்குன்னு அங்கேருந்து கேக்கான்" என்று சிரித்துவிட்டுப் போனாள். ஆவுடையம்மாளுக்குக் கேழ்வரகுக் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. செல்லுக்கு மெசேஜ். ஆமாம், சொன்னாளே. மார்ச் மாதம் ஏ.சி. மாட்ட ஆள் வந்த அன்று ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு போனைத் தட்டித் தட்டி மகள் சுபா என்னவோ செய்தாள், "அப்பா நம்பரை மாத்தி என் நம்பரைக் குடுத்துட்டேம்மா, இனிமே மெசேஜ் எனக்குத்தான் வரும், நானே கட்டிருவேன், நீ யூனிட்டைப் பத்தி நினைக்கவே கூடாது" என்று சொன்னாள். அன்றைக்கு அது காதில் விழுந்ததே தவிர மனசில் தங்கவில்லை. தங்கியிருந்தால் இந்த இரண்டு மாதத்தில் ஒரு நாளாவது உறைத்திருக்காதா? இப்போது உறைத்து என்ன செய்ய. கஞ்சி அடிப்பிடிக்கிற வாசனை வந்ததும் அடுப்பை அணைத்தாள். பாத்திரத்தின் சூட்டிலேயே மிச்சம் வெந்துவிடும், கடைசி இரண்டு நிமிஷம் காஸ் எரிவது தெண்டம் என்பது அந்த வீட்டுச் சட்டம். சட்டம் போட்ட புருஷன் நாக்கு இழுத்துக்கொண்டு படுத்திருக்கிறார், சட்டம் மட்டும் அவள் கையில் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கிறது.

மீட்டரைப் போய்ப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. காலை ஆறு மணிக்குப் பார்த்து எழுதியாயிற்று, எட்டாயிரத்து நானூற்று எண்பத்தெட்டு. வெள்ளை அட்டையில் போன தடவை எழுதியது எட்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு. கழித்தால் நூற்று எழுபத்திரண்டு. எதற்காக இன்னமும் விடிந்ததும் விடியாததுமாகப் போய் எழுதுகிறாள் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது, கோலம் போட்டு முடித்ததும் கால் தானாக மீட்டர் பெட்டியிடம் போய் நிற்கிறது. நூற்று எழுபத்திரண்டு. மத்தியானம் நாலு மணி நேரம், ராத்திரி முழுக்க ஏ.சி. ஓடுவதாக மகளிடம் சொல்லியிருக்கிற வீட்டில் நூற்று எழுபத்திரண்டு யூனிட் என்றால் பச்சைப்பிள்ளை கூடச் சிரிக்கும். ஏ.சி. மட்டுமே நானூறுக்குக் குறையாது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு யூனிட் என்று வைத்துக்கொண்டாலும், இப்போதே ஓட விட்டு, மிக்ஸியையும் கிரைண்டரையும் சும்மா சுற்றவிட்டு, இஸ்திரிப்பெட்டியைப் பழைய சேலை மேல் தேய்த்துக்கொண்டே இருந்தாலும், அந்தப் பெண் இந்த வாசலுக்கு வருவதற்குள் எத்தனை ஏறும்? ஒன்று, ஒன்றரை. கணக்கு அவளுக்கு நன்றாகவே வரும், முப்பத்தெட்டு வருஷம் பாடம் படித்திருக்கிறாள். கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே சத்தம் காட்டாமல் இருக்கலாமா? படுத்த படுக்கையாக ஒருத்தர் இருக்கிற வீடு எங்கே பூட்டிக் கிடக்கும், ஜெபராணியே வந்து கதவைத் தட்டுவாள். அப்படியே பூட்டினாலும் நாளைக்கு வந்து எடுப்பார்கள். மீட்டருக்கு அவசரமில்லை. அதற்கு மறதியும் இல்லை, இரக்கமும் இல்லை. வீட்டுக்கு வெளியே நின்றுகொண்டு வீட்டுக்குள் நடப்பதையெல்லாம் எழுதிக்கொண்டே இருக்கிறது. இத்தனை வருஷம் அது அவரோடு சேர்ந்துகொண்டு தன்னை வேவு பார்க்கிறது என்றுதான் நினைத்திருந்தாள். அதற்கு ஆள் யார் என்ற பேதமே கிடையாது போலும்.

கஞ்சியை வடிகட்டி, ஆற்றி, குழாய் வைத்த டம்ளரில் ஊற்றிக்கொண்டு அறைக்குப் போனாள். குத்தாலிங்கம் விழித்துத்தான் இருந்தார். பிப்ரவரியில் வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் அதோடு போயிற்று. காது கேட்கும், சொன்னால் புரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைச் சொன்னபோது டாக்டர் ஆறுதலாகத்தான் சொன்னார், ஆவுடையம்மாளுக்கு வேறு மாதிரிக் கேட்டது. அக்கினி நட்சத்திரம் பிறந்து ஆறு நாள். கோவில்பட்டி வெயிலுக்கு அக்கினி நட்சத்திரம் ஒரு சாக்குதான், அது மாசியிலேயே ஆரம்பித்துவிடும். ஓட்டை எடுத்துவிட்டுத் தளம் போட்ட அறை, பத்தரை மணிக்கே சுவரைத் தொட முடியாது. மின்விசிறி மூன்றில் சுற்றிக்கொண்டிருந்தது. மூன்றுக்கு மேல் வைக்கக் கூடாது, அதுவும் சட்டம். அவர் கழுத்து மடிப்பில் வேர்வை தேங்கி நின்றது, முதுகுப் பக்கம் பனியன் ஒட்டிக்கொண்டிருந்தது. துடைத்தாள். ஒருக்களித்துப் படுக்கவைத்தாள், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டவேண்டும், ஒரு தடவை கூடத் தவறவிட்டதில்லை. இடுப்புக்குக் கீழே எட்டணா அளவுக்கு ஒரு புண், நேற்றுக்கு இன்று ஓரம் சிவந்திருந்தது. மருந்து வைத்தாள், பவுடர் போட்டாள், துணி மாற்றினாள். மலம் மூத்திரம் எடுப்பதில், துவைப்பதில், ஊட்டுவதில், யார் வந்து பார்த்தாலும் ஒரு குறை சொல்ல முடியாது. பார்த்தவர்கள் எல்லாரும், "மகராசி, ஒன்னைய மாதிரி யாரு பாப்பா" என்றுதான் சொல்லிவிட்டுப் போகிறார்கள். "வேர்க்க மட்டும் விடாதீங்க, புண் பெருசாயிரும்" என்று டாக்டர் சொன்னார். அது ஒன்று மட்டும்தான் அவள் செய்யாதது. கட்டிலுக்கு நேர் எதிரே, சுவரில், வெள்ளைவெளேரென்று புதுமெருகு குலையாமல் ஏ.சி. இருந்தது. அதன் ரிமோட் பாலிதீன் கவரைக்கூடப் பிரிக்காமல் ஃபிரிட்ஜ் தலையில் கிடந்தது. சாயங்காலம் ஏழு மணிக்குச் சுபா முகம் பார்த்துப் பேசக் கூப்பிடுவாள், ஏழுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஆவுடையம்மாள் ஏ.சி.யைப் போட்டுவிடுவாள், பேசி முடித்ததும் அணைத்துவிடுவாள். "ஜில்லுன்னு இருக்காம்மா?" "இருக்கு, இருக்கு, நானே போர்வை போத்திக்கிடுதேன்னா பாத்துக்கயேன்." போர்வை என்று வேறு சொன்னாளே, அந்தப் பொய்க்கு என்ன அவசியம்? பொய் சொல்ல ஆரம்பித்தால் வாய் சும்மா இருக்கிறதா.

அவர் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். தப்பாகச் சொல்கிற புருஷனோடு சண்டை போடலாம், அழலாம், நாலு பேரிடம் சொல்லித் தீர்த்துக்கொள்ளலாம். எப்போதும் சரியாகவே சொல்கிறவரை என்ன செய்வது? மில்லில் முப்பத்துநாலு வருஷம் டைம் ஆபீஸ். யார் எத்தனை நிமிஷம் பிந்தி வந்தார்கள் என்று எழுதுவதுதான் உத்தியோகம். அங்கே எழுதி முடித்துவிட்டு வந்து இங்கே எழுதினார். பருப்பை அரை மணி ஊறவைத்தால் நாலு நிமிஷம் மிச்சம். சரிதான். குக்கர் முதல் சத்தம் கொடுத்ததும் தீயைக் குறைக்கவேண்டும். அதுவும் சரிதான். பாத்திரத்தைத் தாண்டித் தீ வெளியே வரக்கூடாது, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலை உடனே அடுப்பில் வைக்கக்கூடாது, ஆள் இல்லாத அறையில் விசிறி சுற்றக்கூடாது. எல்லாம் சரிதான். சிலிண்டர் மாட்டின தேதியைச் சாக்கட்டியால் அதன் வயிற்றிலேயே எழுதுவார், இரண்டு பேருக்கு அறுபது நாள். ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு வந்ததும் ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழே ஒரு துடை துடைப்பார். காஸ் இருக்கிற மட்டத்துக்கு ஈரம் காயாமல் நிற்கும், அதற்கு மேலே சட்டென்று காய்ந்துவிடும். ஈரக்கோட்டை விரலால் தொட்டு, "ஏ ஆவுடை, நாலு விரல் எறங்கியிருக்கே இந்த வாரம்? என்ன சமைச்ச?" என்பார். என்ன சமைத்தாள்? அவருக்குப் பிடிக்கும் என்று அதிரசம் சுட்டிருப்பாள். தின்றவருக்கு நினைவிருக்காது, ஈரக்கோட்டுக்கு நினைவிருக்கும். அடுப்படியில் ஒரு விசிறி கேட்டாள், கல்யாணமாகி மூன்றாம் வருஷம். காற்றில் தீ அலையும், காஸ் வீணாகும் என்றார். ஐம்பது வயதில் உடம்பெல்லாம் தீப்பிடித்த மாதிரி எரிந்து, நின்ற இடத்தில் தெப்பமாக வேர்த்து, அடுப்படியில் தலைசுற்றி விழுந்த பிறகும் ஒரு தடவை கேட்டாள். "உடம்பு பழகிக்கிடும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அவர் ஒரு நாளும் கோபப்பட்டதில்லை, கை நீட்டியதில்லை, நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை அதட்டியதில்லை. நோட்டைத் திறந்து காட்டுவார், அவ்வளவுதான். நல்ல மனுஷன் என்று ஊரே சொன்னது. அவள் உடம்பு பழகவில்லை, வாய்தான் பழகிக்கொண்டது.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். எந்தப் பெண்தான் எதை விடாமல் இருக்கிறாள். சுபா பிரசவத்துக்கு வந்தாளே, அதை எப்படி விடுவது? ஆபரேஷன் பண்ணி எடுத்த பிள்ளை. பச்சை உடம்புக்காரிக்கு வேப்பிலையும் நொச்சியும் போட்டுக் கொதிக்கக் கொதிக்க இரண்டு வேளை வெந்நீர், பிள்ளைக்குத் தனியாக வெந்நீர், பத்தியச் சமையல் தனியாக, மாப்பிள்ளை வீட்டார் வந்தால் அவர்களுக்குத் தனியாக. சிலிண்டர் இருபத்துநாலே நாளில் தீர்ந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவள்கூட ஆச்சரியப்பட்டாள், பேத்தி முகம் பார்த்து மனுஷன் மாறிவிட்டார் போல என்று நினைத்து உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டும் தொலைத்தாள். பிள்ளைக்குத் தடுப்பூசி போட்ட தேதியைக் குறித்துவைக்கத் தாள் தேடிய சுபா, டி.வி. மேலிருந்த நீள நோட்டை எடுத்தாள். சிவப்பு மையில், அடிக்கோடு இட்டு, அவருடைய குண்டுமணி மாதிரியான எழுத்தில் இருந்தது: 'சிலிண்டர் - 24 நாள். காரணம்: பிரசவ வெந்நீர்.' அவர் அதைக் குற்றமாக எழுதவில்லை, காரணம் எழுதவேண்டிய இடத்தில் காரணம் எழுதியிருக்கிறார், மில்லில் எழுதியது மாதிரி. சுபா நோட்டை எடுத்த இடத்திலேயே வைத்தாள். அன்றைக்குச் சாயங்காலம் குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டு ஆவுடையம்மாள் ஓடினாள், அடுப்பில் வெந்நீர் இன்னும் காயவே இல்லை. "ஏட்டி, பச்சைத்தண்ணியிலயா குளிக்க? சீதம் தலைக்கேறிரும்ட்டி, கதவைத் தெற!" உள்ளேயிருந்து சொம்பு வாளியில் மோதுகிற சத்தம்தான் வந்தது. முப்பத்தைந்தாம் நாள் மாப்பிள்ளையை வரவழைத்துப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓசூருக்குப் போய்விட்டாள். நாற்பத்தொரு நாள் தீட்டுகூடக் கழியவில்லை, தெருவில் நாலு பேர் நாலு விதமாகக் கேட்டார்கள். பேத்திக்கு இப்போது பதிமூன்று வயது. இந்தப் பதிமூன்று வருஷத்தில் சுபா இந்த வீட்டில் ஒரு ராத்திரி தங்கியதில்லை, காலை ரயிலில் வருவாள், சாயங்கால ரயிலுக்குப் போய்விடுவாள். அவர் அதற்கும் எதுவும் கேட்கவில்லை. அவருக்குத் தெரியுமா தெரியாதா என்பதுகூட ஆவுடையம்மாளுக்குத் தெரியாது. ஆனால் மகளுக்கும் சேர்த்து அவள் அதை வைத்துக்கொண்டிருந்தாள், அடைகாக்கிற மாதிரி, பதிமூன்று வருஷம், ஒரு நாள் சூடு குறையாமல்.

அப்படி வைத்துக்கொண்டிருந்ததை மகள் கேட்காமலே கீழே போட்டுவிட்டாளே! ஆஸ்பத்திரிக்கு வந்தவள் அப்பா வாயோரம் வழிகிற எச்சிலைத் தன் துப்பட்டாவால் துடைத்தாள், அப்பா அப்பா என்று காதுக்குள் கூப்பிட்டாள், காலைப் பிடித்துவிட்டாள். சரி, பெற்ற அப்பன், சாகக் கிடக்கிறான், செய்யட்டும் என்றுதான் ஆவுடையம்மாளும் இருந்தாள். வீட்டுக்குக் கொண்டுவந்த மறுவாரம் பெரிய அட்டைப்பெட்டியோடு ஆட்கள் வந்து இறங்கினார்கள். "அறை இப்படி வேகுதே, அப்பா எப்படித் தாங்குவாக? அதான் ஏ.சி. வாங்கிட்டேன். ஐநூறு யூனிட் தாண்டினாலும் தாண்டட்டும்மா, அணைக்கவே அணைக்காத" என்றாள். ஐநூறு! இருநூறைத் தாண்டிவிடக்கூடாது என்று கடைசிப் பத்து நாள் ஃபிரிட்ஜையே அணைத்துவைத்த வீடு. அடுப்படிக்குள் இழுத்துப்போய், "உனக்கு எல்லாம் மறந்துபோச்சாட்டி?" என்று கேட்டாள். "எதும்மா?" "அந்த நோட்டு." "எந்த நோட்டு?" கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்குப் பிடிபட்டது, பிடிபட்டதும் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "அட, அது எப்பவோ நடந்தது. அவுக புத்தி அது. விடும்மா" என்றாள். விடும்மா. எதை விடச் சொல்கிறாள்? இவளுக்காக வைத்திருந்ததை இவளே விடச் சொன்னால் அப்புறம் அது யாருடையது? அன்றைக்குச் சாயங்காலம் ரயிலேற்றிவிட்டு வந்து ஏ.சி. சுவிட்சில் கை வைத்தாள். போட மனசு வரவில்லை. முதல் வாரம், பழக்கம் இல்லாததால்தான் என்று நினைத்தாள், யூனிட் பயம்தான் என்று நினைத்தாள். ஏப்ரல் நடுவில் ஒரு மத்தியானம், தலையணை நனைகிற மாதிரி வேர்த்துக் கிடந்தவர், கண்ணைச் சுவர்ப்பக்கம் திருப்பி ஏ.சி.யைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். திரும்ப ஏ.சி.யை. அவள் துணியைப் பிழிந்து அவர் நெற்றியைத் துடைத்தபடியே, "உடம்பு பழகிக்கிடும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சொன்னபோது நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கியது, எந்த ஏ.சி.யும் தரமுடியாத குளிர்ச்சி. அதற்கப்புறம் பழக்கம் என்றும் பயம் என்றும் சொல்லித் தன்னை ஏமாற்றிக்கொள்ள முடியவில்லை. அவர் அதற்கப்புறம் ஏ.சி.யைப் பார்ப்பதில்லை, அவளையும் அதிகம் பார்ப்பதில்லை. புண் மட்டும் பெரிதாகிக்கொண்டு வந்தது, ஒவ்வொரு நாளும் மருந்து வைக்கும்போது விரலால் ஓரத்தை அளந்துகொண்டுதான் இருக்கிறாள், நேற்றைக்கு எவ்வளவு, இன்றைக்கு எவ்வளவு என்று. இதை எந்த நோட்டில் எழுதுவது?

"அம்மா, ரீடிங்!" என்று வாசலில் குரல் கேட்டது. தலையில் துப்பட்டாவைச் சுற்றி, தோளில் பையும் கையில் மெஷினுமாக, முப்பது வயது மதிக்கத்தக்க பெண். வெள்ளை அட்டையை நீட்டினாள் ஆவுடையம்மாள். "தண்ணி குடிக்கியாம்மா? வெயிலு இந்தப் போடு போடுது" என்று கேட்டாள், ஒரு சொம்புத் தண்ணீரில் ஏதாவது தள்ளிப்போகும் என்பது மாதிரி. அந்தப் பெண் தண்ணீரை வாங்கி அண்ணாந்து குடித்துவிட்டு, பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாள். மெஷினில் அடித்தாள். பிறகு மாடிப்பக்கம் தலையைத் தூக்கி, வெளிச்சுவரில் மாட்டியிருந்த ஏ.சி. பெட்டியைப் பார்த்தாள், திரும்ப மெஷினைப் பார்த்தாள். "நூத்தி எழுபத்திரெண்டுதான் காட்டுது. ஏ.சி. எப்போம்மா போட்டீங்க?" "மார்ச்சுல." "மார்ச்சுலருந்து ஓடியுமா இவ்ளோ கம்மி? மீட்டர்ல கோளாறு இருந்தா நான் எழுதிக் குடுக்கணும்மா, இல்லேன்னா பின்னால என்னையத்தான் கேப்பாங்க. ஒரு நிமிசம் ஏ.சி.யைப் போடுங்க, பாத்துருவோம்." வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஃபிரிட்ஜ் தலையிலிருந்து ரிமோட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். அவர் பார்த்தார். பாலிதீன் கவருக்கு மேலேயே அழுத்தினாள். சின்னதாக ஒரு சத்தம், மூடி திறந்தது, காற்று வந்தது. பட்டப்பகலில் அந்த அறைக்குள் குளிர்ந்த காற்று வருவது அன்றைக்குத்தான் முதல் தடவை. அது அவர் நெற்றியைத் தொட்டதும் கண் தானாக மூடிக்கொண்டது, வாய் லேசாகத் திறந்தது, தாகத்தில் இருக்கிறவன் முதல் மடக்குக் குடிக்கிற மாதிரி ஒரு மூச்சு விட்டார். ஆவுடையம்மாளால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை, வெளியே வந்தாள். மீட்டரில் அந்தச் சிவப்பு விளக்கு இத்தனை நாளும் ஆற அமரக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது, இப்போது படபடவென்று அடித்துக்கொண்டது. "மீட்டர் நல்லாத்தான் இருக்கு" என்றாள் அந்தப் பெண். அட்டையில் எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "அப்போ நீங்க போடவே இல்லையாம்மா?" என்று கேட்டாள். திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கட்டிலில் கிடக்கிறவர் அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். அந்தப் பெண் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, அட்டையைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய், "அம்மா, ரீடிங்!" என்று குரல் கொடுத்தாள்.

ஏ.சி.யை அணைக்கத்தான் உள்ளே போனாள். ரிமோட்டை நீட்டும்போதே போன் அடித்தது. சுபா. எடுத்துக் காதில் வைத்தாலும் அது ஊருக்கே கேட்கிற மாதிரிதான் பேசும், சத்தத்தைக் குறைக்க அவளுக்குத் தெரியாது. "யம்மா, இப்பத்தான் மெசேஜ் வந்துச்சு. நூத்தி எழுபத்திரெண்டுன்னு இருக்கு. தப்பா எடுத்துட்டாகளா?" "இல்ல." "பெறகு? ஏ.சி. போடுதேன்னு தெனமும் சொன்னியே?" ஆவுடையம்மாள் கட்டிலைப் பார்த்தாள். அவர் கண்ணைத் திறந்துவிட்டார். அறை குளிர ஆரம்பித்திருந்தது, அவளுக்கு மட்டும் முதுகில் வேர்வை இறங்கியது. சொல்லிவிடலாம். நான்தான் போடவில்லை, உனக்காகத்தான் போடவில்லை என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். சொன்னால் புரிந்துகொள்வாளா, அப்பாவைக் கொல்லப் பார்த்த பாவி என்பாளா? அப்படிச் சொல்லிவிட்டால் அதற்கப்புறம் தனக்கு யார் இருக்கிறார்கள்? "போடலையாம்மா?" என்று கேட்ட சுபாவின் குரல் சட்டென்று தணிந்தது. "அப்பா போட விடலையா?" கதவைத் தட்டிக்கொண்டு நின்றவளுக்கு அதுவாகத் திறந்துகொண்ட மாதிரி இருந்தது. "ஆமா" என்றாள் ஆவுடையம்மாள். சொன்னதும் மேற்கொண்டு தானாக வந்தது. "போட்டா கண்ணை உருட்டுதாக. இடது கையால அணை அணைன்னு காட்டுதாக. மொகத்தைத் திருப்பிக்கிட்டுக் கஞ்சி குடிக்க மாட்டேங்காக. நான் என்னட்டி செய்ய?" ஒவ்வொன்றாக, நேரில் பார்த்த மாதிரி, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அசையாமல் கிடந்த அந்த இடது கையை அவர் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

போனில் சுபா வெடித்தாள். "இந்த நிலைமையிலயுமா! படுத்த இடத்துலருந்துமா உன்னைய ஆட்டிவைக்காக? எனக்கு எல்லாம் மறந்துட்டுன்னு நினைச்சியாம்மா? ஒண்ணும் மறக்கல. உன் முன்னால பேசுனா உனக்குத்தான் கஷ்டம்னு வாயை மூடிக்கிட்டேன். ஒரு நாளாவது உன்னைய நிம்மதியா ஒரு காப்பி போட விட்டாகளா?" அழுகிறாள். பதிமூன்று வருஷமாக எதைக் கேட்கவேண்டும் என்று ஆவுடையம்மாள் காத்திருந்தாளோ அது கடைசியில் வந்துவிட்டது, அதுவும் அவர் காது கேட்க. கிடைத்ததைக் கையில் வாங்கப் பயமாக இருந்தது. "போனை அவுக காதுல வைம்மா." "வேண்டாம் சுபா." "வைன்னா வை." வைத்தாள். "யப்பா" என்றது போன். திட்டப்போகிறாள் என்று நினைத்தாள், அவள் கெஞ்சினாள். "போதும்ப்பா. அம்மா பாவம்ப்பா. வயசாயிட்டு அவளுக்கு. இனிமேயாவது அவளைய விட்டுருங்க. ஏ.சி.யைப் போட விடுங்க. எனக்காகப்பா. சரியா?" அவர் போனைப் பார்க்கவில்லை, ஆவுடையம்மாளைத்தான் பார்த்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியது. தொண்டையில் என்னவோ ஏறி இறங்கியது, நரம்பு புடைத்தது. இந்த மூன்று மாதத்தில் அனத்தல் வந்திருக்கிறது, கேவல் வந்திருக்கிறது, கேட்ட கேள்விக்குப் பதில் என்று எதுவும் வந்ததில்லை. "ம்" என்றார். தெளிவாக, ஒரே ஒரு தடவை.

"சரின்னுட்டாகம்மா! கேட்டியா? அப்பா சரின்னுட்டாக!" என்று சுபா அழுதுகொண்டே சிரித்தாள். ஆவுடையம்மாள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார். மாட்டேன் என்று தலையை ஆட்டியிருக்கலாம், கண்ணை மூடிக்கொண்டிருக்கலாம், அவளை மகளிடம் கையும் களவுமாகக் காட்டிக்கொடுத்திருக்கலாம். அவள் அதற்குத் தயாராகத்தான் இருந்தாள். அதைச் செய்யாமல், முப்பத்தெட்டு வருஷக் கசப்பை ஒரு 'ம்'மில் வாங்கி வைத்துக்கொண்டு, நல்ல மனுஷனாகவே படுத்திருக்கிறார். இதற்காகவும் அவரை மன்னிக்க முடியாது என்று தோன்றியது, அதோடு சேர்ந்து அழுகையும் முட்டிக்கொண்டு வந்தது, இரண்டில் எது முதலில் வரும் என்று தெரியாமல் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். "யம்மா, இருக்கியா?" என்று போன் கேட்டது. "இருக்கேன்." "இங்க பாரு, அப்பா சரின்னு சொன்னாலும் ரெண்டு நாள் கழிச்சுப் பழையபடி ஆரம்பிச்சிருவாக. அவுகளை நம்ப முடியாது, அவுகளுக்குப் பயந்துக்கிட்டு நீயும் எங்கிட்ட சொல்ல மாட்ட. அதனால ஒண்ணு செய்யி. தெனமும் காலையில ஆறு மணிக்கு மீட்டரைப் பாத்துட்டு எனக்குப் போன் போட்டு ரீடிங் எவ்வளவுன்னு சொல்லணும். எத்தனை யூனிட் ஏறியிருக்குன்னு நான் இங்க எழுதி வச்சுக்கிடுதேன். ஒரு நாள் கொறஞ்சாலும் எனக்குத் தெரிஞ்சிரும். சொல்லுவியா?"

குத்தாலிங்கம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுதேன்" என்றாள் ஆவுடையம்மாள்.